உடை மாற்றும் பகை

தென்னாப்பிரிக்காவின் சூலு மக்கள், தம் மாடுகளைப் பற்றிய ஒரு நோயை ‘நகானா’ என்று அழைத்தனர். சோர்ந்து துவளுதல் என்பது அச்சொல்லின் பொருள். ஆவினமே செல்வமாகவும், மணமகன் வீட்டார் தரும் பரிசமாகவும் விளங்கிய அச்சமுதாயத்தில், மந்தை துவண்டால் குடியே துவண்டது. மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்ட தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நோயை ஆராயுமாறு 1894ஆம் ஆண்டில் டேவிட் புரூஸ் என்னும் பிரிட்டிஷ் படை மருத்துவர், உபோம்போ என்னும் மலையூருக்கு அனுப்பப்பட்டார். அவருடைய துணைவியார் மேரியும் உடன்சென்று ஆய்வில் துணை நின்றார். நோயுற்ற மாட்டின் குருதியில் நெளிந்தோடும் ஒரு நுண்ணுயிரைப் புரூஸ் கண்டார். செட்சி ஈ கடிப்பதால் அது பரவுகிறது என்பதையும் மெய்ப்பித்தார். காட்டு விலங்குகள் நடமாடும் இடத்தில்தான் நோய் வருகிறது என்று சூலு மக்கள் முன்னரே கூறிவந்தனர். அவ்விலங்குகளின் குருதியிலும் அவ்வுயிர் உறைவதைப் புரூஸ் கண்டபோது, அவர்கள் கூற்றில் பாதி மெய்யாயிற்று. எனினும் பெயர் நிலைத்தது புரூசுக்கே. ‘டிரிப்பனோசோமா புரூசி’ என்பது அவ்வொட்டுண்ணியின் அறிவியற்பெயர். தச்சர் துளையிடும் தமரூசி போன்ற உடலுடையது என்பது அதன் முதற்சொல்லுக்குப் பொருள்.

பகைவன் யாரெனத் தெரிந்தது; அவன் சூழ்ச்சி தெரியவில்லை. செகந்தராபாத்தில் 1897இல் மலேரியா பரவும் வழியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ், 1910ஆம் ஆண்டில் டேவிட் தாம்சன் என்பாருடன் சேர்ந்து, லிவர்பூலில் உறக்கநோயுற்றிருந்த ஒருவரின் குருதியை நாள்தோறும் சோதித்தார். இவ்வினத்து ஒட்டுண்ணியே மனிதரிடம் உறக்கநோயை விளைவிப்பது. ஒட்டுண்ணிகளின் தொகை ஏறியது, திடீரெனச் சரிந்தது, சில நாளில் மீண்டும் ஏறியது. ஆசிரியர் வருகைப்பதிவு எடுப்பதுபோல் எண்ணி எண்ணிக் குறித்த அந்த ஏற்ற இறக்கக் கோடு, கடலலையை ஒத்திருந்தது. உடல் ஒவ்வொரு முறையும் வெல்கிறது. ஆனால் போர் முடிவதில்லை. ஏன்?

விடை ஒரு புரதத்தில் இருந்தது. 1969ஆம் ஆண்டில் கீத் விக்கர்மேன், மின்னணு நுண்ணோக்கியின் உதவியால், குருதியில் வாழும் ஒட்டுண்ணியின் மேல் அடர்ந்த போர்வை ஒன்று இருப்பதையும், ஈயின் குடலை அடைந்ததும் அது களையப்படுவதையும் காட்டினார். 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கிராஸ் அப்போர்வையைப் பிரித்தெடுத்தார். அது ஒரே வகைப் புரதத்தால் நெய்யப்பட்டிருந்தது. ஓர் ஒட்டுண்ணியின் மேல் ஏறத்தாழ ஒரு கோடி மூலக்கூறுகள். வேறொரு கிளையின் போர்வையை எடுத்துப் பார்த்தால், அமினோ அமிலங்களின் அளவும் வரிசையும் வேறாக இருந்தன. மாட்டின் உடல் ஒரு போர்வையை அடையாளங்கண்டு, அதற்குரிய எதிர்ப்பொருளை ஆக்கிப் பகைப்படையை அழிக்கும்போது, மிகச்சில ஒட்டுண்ணிகள் வேறு போர்வைக்கு மாறிவிட்டிருக்கும். அவற்றின் வழித்தோன்றல்களே அடுத்த அலை.

இக்கண்டுபிடிப்பு மகிழ்ச்சியோடு கசப்பையும் தந்தது. 1973ஆம் ஆண்டில் நைரோபியில் நிறுவப்பட்ட அனைத்துலகக் கால்நடை நோய் ஆய்வகம், இந்நோய்க்குத் தடுப்பூசி காண்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. புறத்தே தெரியும் புரதத்தை உடலுக்கு முன்கூட்டி அறிமுகப்படுத்துவதே தடுப்பூசியின் இயல்பான வழி. புறத்தே தெரிவதோ நாளைக்கு வேறாகிவிடும். 2005இல் ஒட்டுண்ணியின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டபோது, போர்வைக்குரிய மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருப்பது தெரியவந்தது. அவற்றுள் பெரும்பாலானவை குறையுற்றவை; ஆயினும் அக்கந்தல்களை ஒட்டித் தைத்தே புத்தாடை ஆக்கிக்கொள்ளும் திறம் அவ்வுயிர்க்கு உண்டு! பல்லாண்டு உழைத்த அறிஞர்கள், தடுப்பூசி ஏன் கைகூடவில்லை என்பதைத்தான் துல்லியமாக அறிந்தார்கள்.

இடையர்கள் காத்திருக்க இயலுமா? மருந்தூசியும், செட்சி ஈயைக் கவரும் நீலத்துணிப் பொறியும், நோயைத் தாங்கவல்ல மேற்காப்பிரிக்க ‘என்டாமா’ மாடுமே அவர்களுக்குத் துணையாயின. அந்த மாட்டினத்தைத் தேர்ந்து பேணியவர்கள் ஆய்வாளர்கள் அல்லர். பல தலைமுறை இடையர்களே.

2021ஆம் ஆண்டில் வேறொரு செய்தி வந்தது. மாடுகளைத் தாக்கும் மற்றோர் இனமான ‘டிரிப்பனோசோமா வைவாக்சு’, தன் சாட்டை போன்ற உறுப்பில் மாறாத புரதம் ஒன்றைக் கொண்டிருக்கிறது. அதனைத் தடுப்பூசியாக இட்டபோது நோய் அணுகவில்லை. ஆனால் அங்கே காக்கப்பட்டவை எலிகள். மேய்ச்சல் நிலத்து மாடுகளுக்கு இடத்தக்க தடுப்பூசி இன்னும் வரவில்லை.