வெள்ளைத் துணியும் செம்மண் சேறும்

திருப்பூரில் ஒரு பனியன் முழுமை பெறுவதற்குள் பலமுறை வண்டி ஏறி இறங்கிவிடுகிறது. மில்லிலிருந்து நூல் நிட்டிங் கூடத்துக்குப் போகிறது. பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், பேக்கிங். ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு தெருவில், ஒவ்வொரு முதலாளியிடம். எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் செய்யும் பெரிய கம்பெனிகள் உண்டுதான். ஆனாலும் ஊரை வளர்த்தது இப்படிப் பிரித்துச் செய்யும் ஜாப் ஒர்க். அதனால் பின்னல் இயந்திரத்துக்கு இந்த ஊரின் வரலாற்றில் எவ்வளவு இடம் உண்டோ, அவ்வளவு இடம் சரக்கு வண்டிக்கும் உண்டு. அந்த வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டித் தொங்கிச் சேற்றைத் தடுக்கும் மட் ஃபிளாப்புக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

முதலில் அப்படியொரு பொருளுக்குத் தேவையே இருக்கவில்லை. சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கரையின் பேப்பூருக்குப் போகும் ரயில் பாதை 1862இல் முடிந்தது. திருப்பூர் அந்தப் பாதையில் அமைந்ததால் சுற்று வட்டாரப் பருத்திக்குச் சந்தையாக வளர்ந்தது. பருத்திப் பொதிகளை இழுத்து வந்தவை காங்கேயம் காளைகள். வண்டியின் மரச்சக்கரம் பெரியது, காளையின் நடையோ நிதானமானது. சக்கரத்தில் ஒட்டிய சேறு அப்படியே கழன்று கீழே விழுமே தவிர, மேலே பறக்காது.

சேறு எவ்வளவு தெறிக்கும் என்பதை முக்கியமாக இரண்டு காரணங்கள் தீர்மானிக்கின்றன: வண்டியின் வேகம், சக்கரத்தின் அளவு. வேகம் இரண்டு மடங்கானால் ஒட்டியிருக்கும் சேற்றை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதே வேகத்தில் சக்கரம் பாதியாகச் சிறுத்தால் அந்த விசை இரண்டு மடங்காகும். கொங்கு நாட்டுச் சாலைகளில் நூறாண்டுகளாக நடந்தது இந்த இரண்டும்தான். வேகம் ஏறிக்கொண்டே வந்தது, சக்கரம் சிறுத்துக்கொண்டே வந்தது.

ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டினார். அதே பத்தாண்டில் திருப்பூரில் பனியன் பின்னும் தொழில் வேர்விட்டது. 1930களில் மாட்டு வண்டிகளிலும் காற்றடைத்த டயர் வந்து, டயர் வண்டி என்று பெயர் பெற்றது. பாரம் கூடியது, ஆனால் காளையின் நடை மாறவில்லை. பிறகு லாரிகளும் மூன்று சக்கர டெம்போக்களும் வந்தன. 1986இல் டாடா 407 வந்தது. ஜப்பானிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து தயாரான இலகு ரக வண்டிகளும் அதே காலத்தில் சாலையில் இறங்கின. துணி இப்போது மாட்டின் நடையைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பயணம் செய்தது.

சரக்கின் மதிப்பும் அந்த நேரத்தில்தான் மாறியது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வெள்ளை டி‑சர்ட் வாங்கத் திருப்பூருக்கு வந்ததையே ஊரின் ஏற்றுமதிக் கதையின் தொடக்கமாகச் சொல்வார்கள். உள்ளூர்ச் சந்தையில் ஒரு சிறு கறையோடு விற்றுவிடக்கூடிய துணி, கப்பலேறும்போது கழிக்கப்படும்.

அதிலும் செம்மண் சேறு சாதாரணக் கறை அல்ல. அதன் சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. சோப்புக்கு எளிதில் அசையாது. ஆக்ஸாலிக் அமிலம் போன்ற ஒன்றைத்தான் தேட வேண்டும். வெளுக்காத துணியில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வெளுக்கப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடை இரும்பு அந்த இடத்தில் மட்டும் வேகமாகச் சிதைக்கும், அங்கே நூல் அரித்து ஊசித்துளை விழும். தார்ப்பாய் மேலிருந்து வரும் மழையைத் தடுக்கும். கீழிருந்து வரும் சேற்றைத் தடுக்க வேண்டியது மட் ஃபிளாப்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊரில் அவ்வளவு சேறு எங்கிருந்து வரும்? ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சாயத்தொழிலே உண்டாக்கியது. சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் போதாமல், சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலிருந்தும் ஆழ்துளைகளிலிருந்தும் டேங்கர் லாரிகள் இரவு பகலாக அள்ளி வந்தன. 2000களின் நடுவில் காவிரி நீர் குழாய் வழியே வரும்வரை இதுதான் நிலை. தளும்பிச் சிந்திக்கொண்டே போகும் டேங்கருக்குப் பின்னால் கோடையிலும் பாதை நனைந்திருக்கும்.

2005 ஜனவரி 1 அன்று உலக ஜவுளி வர்த்தகத்தில் ஏற்றுமதிக்கு அளவு வரம்பு வைத்திருந்த கோட்டா முறை முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம் டாடா ஏஸ் அறிமுகமானது. 750 கிலோ பாரம், இரண்டு சிலிண்டர் எஞ்சின், 12 அங்குல ரிம். குறுகிய சந்துகளுக்குள் இருக்கும் தையல் கூடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. குட்டி யானை என்று தமிழகமே அதை அழைத்தது. 2011இல் ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மகிந்திரா பிக்கப்புகளும் பெருகின. சிறிய சக்கரம், தாழ்ந்த தளம், நிறைந்த பாரம் என மூன்றும் சேர்ந்ததால் மட் ஃபிளாப்பைத் தேர்ந்தெடுப்பது ஓட்டுநர்களின் அன்றாடக் கவலையானது.

பழைய லாரிக்காரர்கள் தேய்ந்த டயரையோ கன்வேயர் பெல்ட்டையோ வெட்டித் தொங்கவிட்டார்கள். உள்ளே நைலான் துணி அடுக்குகள் இருப்பதால் அது சுலபத்தில் கிழியாது. கடையில் வாங்கும் புது ஃபிளாப்பிலும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துணி அடுக்கைத்தான். வெறும் ரப்பர் போல்ட் துளையில் தொடங்கிக் கிழியும். மலிவான பி.வி.சி. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெயை வெயிலில் இழந்து விறைத்து, கல் பட்டதும் உடைகிறது. கரி சேர்த்த கறுப்பு ரப்பர் வெயிலைத் தாங்கும், ஆனால் டீசலும் எண்ணெயும் சொட்டும் இடத்தில் ஊதிவிடும். மிக மெல்லியதாக இருந்தால் வேகத்தில் பின்னால் பறக்கும், சேறு அதன் அடியில் நுழைந்து போகும்.

மாட்டும் விதமும் தரத்தைப் போலவே முக்கியம். போல்ட்டை நேராக ரப்பரில் முறுக்காமல், மேல் விளிம்பு முழுவதும் ஓர் இரும்புப் பட்டையை வைத்து அழுத்தினால் இழுவை பரவுகிறது. அகலம் டயரைவிடக் குறையக் கூடாது. உயரத்தைக் காலி வண்டியில் அளந்து மாட்டினால் ஏமாற்றம்தான். துணி ரோல்களை ஏற்றியதும் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கி ஃபிளாப் தரையைத் தொடும், கம்பெனி வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது டயருக்கு அடியில் சிக்கிப் பிய்ந்துபோகும். ஆகவே அனுபவசாலி ஓட்டுநர் பாரத்தோடு நிறுத்தி, டயருக்கும் ஃபிளாப்புக்கும், ஃபிளாப்புக்கும் தரைக்கும் இடைவெளி பார்த்துக் கீழ்விளிம்பை வெட்டுகிறார்.

பிக்கப்புக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் மொபெட். 1980இல் வந்த டிவிஎஸ் 50 காலத்திலிருந்து, வெட்டிய பீஸ் கட்டுகள் தையல் கூடங்களுக்கு அதில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. மூட்டைக்குத் தார்ப்பாய் இல்லை, ஓட்டுபவருக்குக் கண்ணாடித் தடுப்பும் இல்லை. முன்னே போகும் வண்டியின் ஃபிளாப் கிழிந்திருந்தால் சேறு அவர் கண்ணிலும் துணியிலும் படும், அந்த நஷ்டத்தைப் பிக்கப்காரர் அறியவே மாட்டார். ஆகவே ஃபிளாப் வாங்குபவர் தம் சரக்கை மட்டும் நினைத்து அளவெடுத்தால் போதாது. டயரின் இரு ஓரங்களையும் மூடும் அகலமும், கிழிந்ததும் அதே வாரத்தில் மாற்றிவிடும் வழக்கமும் இந்த ஊருக்குக் கட்டாயம் வேண்டும்.