மனையியல் பிறந்த ஆய்வுக்கூடம்

மனையியற் கல்வியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அடுப்பங்கரையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் காதரின் பீச்சர் அம்மையார் இல்லறப் பொருளாதாரம் பற்றி 1841-இல் வெளியிட்ட நூலையும், 1862-ஆம் ஆண்டு மோரில் சட்டத்தின் பயனாக எழுந்த விவசாயக் கல்லூரிகள் சிலவற்றில், குறிப்பாக அயோவா, கான்ஸாஸ், இல்லினாய் ராஜ்யங்களில், 1870-களில் வைக்கப்பட்ட குடும்ப நிர்வாகப் பாடங்களையும் முதலில் கூறி, அப்பால் சமையலும் தையலும் வளர்ந்த கதையாகவே அதை முடித்துவிடுவார்கள். அச்செய்திகள் மெய்யே. எனினும், வீட்டு வேலை என்று உலகம் அலட்சியமாக ஒதுக்கிய ஒன்றைச் சாஸ்திரங்களின் வரிசையில் கொண்டுபோய் அமர்த்திய பெருமை பாஸ்டன் நகரத்து இரசாயன ஆய்வுக்கூடம் ஒன்றுக்கே உரியது என்பதும், அந்தப் பெருமையைத் தேடித் தந்தவர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்னும் பெண்மணி என்பதும் என் துணிபு.

1842-இல் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் பிறந்து, வாசர் கல்லூரியில் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த முதல் பெண் அவர். அவரிடம் கட்டணம் வாங்கவில்லை. பெண்ணொருத்தி மாணவியாகப் பதிவு பெற்றிருக்கிறாளே என்று எவரேனும் ஆட்சேபித்தால் இல்லையென்று மறுக்க வசதியாக இருக்கட்டும் என்பதற்காகவே அந்தச் சலுகை. 1873-இல் அங்கே விஞ்ஞானப் பட்டம் பெற்றார். டாக்டர் பட்டம் அவருக்கு அங்கே கிட்டவில்லை. 1876-இல் பெண்களுக்கெனத் தனி ஆய்வுக்கூடம் ஒன்று அக்கழகத்தில் திறக்கப்பட்டபோது, ஊதியம் பெறாமல் கற்பித்ததோடு தம் கைப்பணத்தையும் அதற்குச் செலவிட்டார். அக்கூடம் 1883-இல் மூடப்பட்டது. மறு ஆண்டு சுகாதார இரசாயனத்தின் போதனாசிரியராக நியமனம் பெற்று, 1911-இல் உயிர் நீங்கும்வரை அப்பதவியிலேயே இருந்தார்.

ஜமைக்கா ப்ளெயின் என்னும் பகுதியில் இருந்த அவருடைய இல்லமும் ஒரு பரிசோதனைச் சாலையாகவே விளங்கிற்று. தரையை மூடிக்கிடந்த கனத்த கம்பளங்களை எடுத்துவிட்டு, தூக்கி உதறத்தக்க சிறு விரிப்புகளைப் போட்டார். கரியடுப்பை நீக்கி வாயு அடுப்பை அமைத்தார். கிணற்று நீரைத் தாமே சோதித்தார். மளிகைச் சாமான்களில் நடந்த கலப்படத்தை ராஜ்ய சுகாதார சபையின் பொருட்டு ஆராய்ந்தவரும் அவரே.

ஆனால் அவருடைய உழைப்பின் சிகரம், 1887-இல் தொடங்கி இரண்டாண்டுகள் நடந்த குடிநீர் ஆராய்ச்சியாகும். மாசசூசெட்ஸின் ஆறு, ஏரி, கிணறுகளிலிருந்து வந்து சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்ட நீர் மாதிரிகள் அவருடைய ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டன. கடலின் உப்புத் துளிகளைக் காற்று உள்நாட்டுக்குள் சுமந்து செல்வதால், மாசுபடாத நீரிலும் சிறிதளவு குளோரைடு இருக்கும். கரையோரத்தில் அது மிகுதி, உட்புறம் செல்லச் செல்லக் குறைவு. ஒரே அளவு காணப்பட்ட இடங்களை இணைத்துக் கோடுகள் வரைந்தபோது, அவை ஏறக்குறையக் கடற்கரையின் போக்கிலேயே அமைந்தன. உள்நாட்டுக் கிணறு ஒன்றில் அந்தக் கோட்டுக்குரிய அளவுக்கு மேல் உப்பு தென்பட்டால், மிகையாக இருப்பது பெரும்பாலும் மனிதர் கழித்த சாக்கடை நீர் தந்தது என்று சந்தேகிக்க இடமுண்டாயிற்று. கண்ணுக்குத் தெளிந்து நாவுக்கும் இனித்திருந்த நீரின் குற்றத்தை ஒரு தேசப்படம் காட்டிக்கொடுத்தது. தாய் தன் குழந்தைக்குக் கொடுக்கும் ஒரு குவளைத் தண்ணீர் அவளுடைய கவனத்தோடு அண்டை வீட்டுச் சாக்கடையையும் அரசாங்கத்தின் சட்டத்தையும் சார்ந்து நிற்கிறது என்னும் இந்த ஞானமே மனையியலின் மூலக்கொள்கை என்று நான் கருதுகிறேன்.

1890-இல் மேரி ஹின்மன் ஏபெல் அம்மையாரோடு சேர்ந்து பாஸ்டனில் அவர் தொடங்கிய நியூ இங்கிலாந்து சமையற்கூடம், சத்துள்ள சூப் வகைகளை என்றும் மாறாத தரத்தில் மலிவாக விற்றது. வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழை மக்களோ தம் தாய்நாட்டுச் சுவையை விட்டு அதை நாடவில்லை. அவர்களுடைய நாவின் பழக்கத்தை அங்கே எவரும் விசாரித்திருக்கவில்லை. ஆயினும் முயற்சி வீண்போகவில்லை. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ரம்ஃபோர்டு சமையற்கூடம் என்ற பெயரில், ஒவ்வொரு உணவிலும் அடங்கிய சத்துக்களின் அளவை அச்சிட்டுக் காட்டி உணவு பரிமாறப்பட்டது. மறு ஆண்டு பாஸ்டன் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மதிய உணவு அளிக்கும் பொறுப்பு அவருடைய சமையற்கூடத்துக்கு வந்தது.

1899-இல் லேக் பிளாசிட் என்னும் ஏரிக்கரை ஊரில் பதினொருவர் கூடிய சிறு மகாநாடு ஆண்டுதோறும் தொடர்ந்து, அதன் பயனாக 1908-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க மனையியற் சங்கம் தோன்றியது. ரிச்சர்ட்ஸ் அம்மையாரே முதல் தலைவி. அவர் மறைந்தபின், 1917-ஆம் ஆண்டு ஸ்மித்-ஹியூஸ் சட்டம் இக்கல்வியைத் தொழிற்கல்வியின் பிரிவாக்கிப் பொருளுதவி செய்தது. பணம் வந்ததால் பள்ளிகள் பெருகின. பெருகிய பள்ளிகளில் நுண்ணோக்கியும் சோதனைக் குழாயும் பின்னிடைந்து, வாணலியும் ஊசியும் முன்வந்தன. இது என் மனத்தை உறுத்தும் ஒரு நஷ்டம். மறுபுறம், இரசாயனத் துறைகள் கதவடைத்த பெண் விஞ்ஞானிகளுக்கு மனையியல் துறையே புகலிடமாயிற்று. 1914-இல் சிகாகோவில் இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்ற ஆக்னஸ் ஃபே மார்கன், மறு ஆண்டு பெர்க்லிக்குச் சென்று போஷணைப் பாடம் போதிக்கத் தொடங்கி, அங்கிருந்தே வைட்டமின் ஆராய்ச்சியை வளர்த்தார். புகலிடம் கிடைத்தது; அதைச் சுற்றி வேலியும் இருந்தது.

நம் நாட்டில் இம்மரபைப் பயிரிட்டவருள் ஒருவர், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார். தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் கோயம்புத்தூரில் 1957-இல் நிறுவிய மனையியற் கல்லூரி, ராஜம்மாள் அம்மையாரின் தலைமையில் போஷணை ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்றது. பாஸ்டன் ஏழைகள் சூப்பை ஒதுக்கிய காரணம் இங்கே எழாதவாறு, கிராமத்தார் உண்டு பழகிய சோளம், பாசிப்பருப்பு, நிலக்கடலை, வெல்லம் ஆகியவற்றையே கொண்டு பாலகர்களுக்கென ஒரு சத்துணவை அங்கே உருவாக்கி, அதற்குக் குழந்தை அமுது என்று பெயரிட்டார்கள்.