தங்க நாட்டு வக்கீல்: யூகானில் ஜார்ஜ் பிளாக்

கனடாவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டி இருக்கும் யூகானுக்கு மாகாண அந்தஸ்து கிடையாது. அது ஒரு பிரதேசம். மாகாணங்களின் அதிகாரத்தை அரசியல் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. பிரதேசத்துக்கு உள்ளதெல்லாம் ஒட்டாவா நாடாளுமன்றம் ஒரு சாதாரணச் சட்டத்தின் வழியாகக் கொடுத்தது. கொடுத்தவர்களே இன்னொரு சட்டத்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டதும் உண்டு. டாசன் நகரில் வழக்காடத் தொடங்கி, பிரதேச மன்ற உறுப்பினர், ஆணையர், நாடாளுமன்ற உறுப்பினர், அவைத் தலைவர் என்று உயர்ந்த ஜார்ஜ் பிளாக்கின் வரலாறு, இந்தக் கொடுக்கல் வாங்கலின் வரலாறும்கூட.

1896 ஆகஸ்டில் கிளாண்டைக் ஆற்றின் கிளையோடை ஒன்றில் தங்கம் கிடைத்தது. சேதி வெளியுலகுக்கு எட்டியது 1897 கோடையில். அடுத்த ஓராண்டுக்குள் சேற்று நிலத்தில் டாசன் என்ற நகரமே எழுந்துவிட்டது. வந்து குவிந்தவர்களில் அமெரிக்கர்களே அதிகம் என்பதால், இடம் கைநழுவிவிடுமோ என்ற கவலை கனடிய அரசுக்கு இருந்தது. 1898 ஜூன் 13 அன்று யூகானைத் தனிப் பிரதேசமாக்கும் சட்டம் நிறைவேறியது. ஆட்சித் தலைவராக ஓர் ஆணையர், அவருக்குத் துணையாக ஒட்டாவா நியமிக்கும் சிறு மன்றம்: தொடக்க கால அரசாங்கம் அவ்வளவுதான்.

ஆணையர் பதவியில் யார் யார் அமர்ந்தார்கள் என்று பார்த்தால் பிரதேசத்தின் தேவைகள் மாறிய விதம் புரியும். முதல் ஆணையர் ஜேம்ஸ் வால்ஷ் முன்னாள் போலீஸ் அதிகாரி. ஒழுங்கு நிலைநாட்ட வந்தவர். அடுத்தவர் வில்லியம் ஓகில்வி நில அளவையாளர். எல்லைகளையும் சுரங்க மனைகளையும் அளந்து தீர்க்க வேண்டிய காலம் அது. 1903-லிருந்து வழக்கறிஞர்களின் கை ஓங்கியது. ஃபிரடெரிக் காங்டன், வில்லியம் மக்கின்னஸ், அலெக்சாண்டர் ஹென்டர்சன், ஜார்ஜ் பிளாக் ஆகிய நான்கு ஆணையர்களும் சட்டம் படித்தவர்கள்.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. டாசனில் தங்கம் மண்ணுக்கடியில் இருந்தது. ஆனால் அது யாருக்குச் சொந்தம் என்பது காகிதத்தில் இருந்தது. ஓடையோரமாகக் கழி நட்டு எல்லை குறித்தவர், குறித்த நாளுக்குள், சுரங்கப் பதிவைக் கவனித்த தங்க ஆணையர் என்ற தனி அதிகாரியின் அலுவலகத்தில் அதைப் பதிய வேண்டும். ஒரே மனைக்கு இருவர் கழி நடுவதும், பழைய அளவு பிசகியதால் இரண்டு மனைகளுக்கிடையே துண்டு நிலம் மிஞ்சுவதும் அன்றாட நிகழ்ச்சிகள். அந்தத் துண்டு நிலத்திலேயே சிலர் பணக்காரர் ஆனார்கள். எடுத்த தங்கத்தில் பத்தில் ஒரு பங்கு அரசுக்கு என்ற உரிமத் தீர்வை வேறு சுரங்கக்காரர்களைக் கொதிக்க வைத்தது. தகராறு ஒவ்வொன்றும் வக்கீலுக்கு வருமானம். ஆனால் சுரங்க விதிகளை எழுதியவர்கள் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒட்டாவாவில் இருந்தார்கள். நீதிமன்றத்தில் வென்றாலும் விதி மாறாது. விதியை மாற்ற அரசியலுக்குத்தான் போக வேண்டும். டாசன் வக்கீல்கள் அந்த வழியில் போனார்கள்.

ஜார்ஜ் பிளாக் 1873-ல் கனடாவின் கிழக்குக் கரை மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தவர். அங்கேயே சட்டம் பயின்று தொழில் தொடங்கிய அவர், 1898-ல் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தங்கம் தேடி வடக்கே வந்தார். நல்ல மனைகளெல்லாம் அதற்குள் பிறர் கைக்குப் போயிருந்தன. சில ஆண்டுகள் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு டாசனில் வக்கீல் பலகையை மாட்டினார். 1904-ல் அவர் மணந்துகொண்ட மார்த்தா, சிகாகோவில் பிறந்தவர். முதல் கணவரைப் பிரிந்து, கர்ப்பிணியாகவே சில்கூட் கணவாயை நடந்து கடந்து டாசன் சேர்ந்தவர். அங்கே மர அறுவை ஆலை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தவர். பின்னாளில் கணவருடைய தேர்தல் வாழ்வில் இவர் வகித்த பங்கு சுவையானது.

அந்த ஆண்டுகளில் யூகானின் கட்சி அரசியல் சண்டைக் களம். ஆளும் லிபரல் கட்சியில் காங்டன் தம் ஆட்களுக்கே வேலையும் ஒப்பந்தமும் வழங்கினார் என்பது குற்றச்சாட்டு. கட்சி இரண்டாகப் பிளந்தது. காங்டன் அணிக்கு ‘டேப்ஸ்’ என்றும், எதிரணிக்கு ‘ஸ்டீம் பியர்ஸ்’ என்றும் பட்டப்பெயர்கள் விழுந்தன. இரண்டாவது ஒரு பீர் வகையின் பெயர். 1904-ல் காங்டன் ஆணையர் பதவியைத் துறந்து நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். அதிருப்தி லிபரல்களும் கன்சர்வேட்டிவ்களும் கைகோத்து ஆல்ஃபிரட் தாம்ப்சன் என்ற மருத்துவரை நிறுத்தித் தோற்கடித்தார்கள். கன்சர்வேட்டிவான பிளாக் 1905-ல் பிரதேச மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இந்தச் சூட்டில்தான்.

மன்றத்தில் அப்போது ஐவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், ஐவர் நியமிக்கப்பட்டவர்கள், தலைமை ஆணையருக்கு. முழுதும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வேண்டும் என்பது டாசனின் நீண்ட நாள் கோரிக்கை. 1908-ல் ஒட்டாவா இறங்கி வந்தது. பத்து உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கும் மன்றம் 1909-ல் கூடியது. வெற்றி என்று கொண்டாடப்பட்டாலும் அது அரை வெற்றி. ஆணையர் மன்றத்தைவிட்டு வெளியேறித் தனியே நின்றார்; மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. செலவு மசோதா எதுவும் அவர் பரிந்துரைத்தால்தான் வரும். பேச மன்றம், ஆள ஆணையர், இருவருக்கும் மேலே ஒட்டாவா அமைச்சர்: சக்கரம் அப்படியே சுழன்றது.

வாக்குரிமை கேட்டவர்களின் கணக்கில் அந்த மண்ணின் பூர்வகுடிகள் இல்லை. கிளாண்டைக் ஆற்று முகத்தில் மீன்பிடித்து வாழ்ந்த ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள், தங்க வேட்டையாடிகள் நெருக்கியதில் சற்றுக் கீழே மூஸ்ஹைடு என்ற ஊருக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. தெற்கே வைட்ஹார்ஸ் அருகே தலைவர் ஜிம் பாஸ் 1902-ல் ஒரு வக்கீலைப் பிடித்து, தம் மக்களின் நிலத்துக்கும் வேட்டைக்கும் ஈடு கேட்டு ஒட்டாவாவுக்குக் கடிதம் எழுதச் செய்தார். யூகான் வழக்கறிஞர்களின் கையெழுத்தில் புறப்பட்ட எத்தனையோ மனுக்களில் மிக நீண்ட ஆயுள் பெற்றது அதுதான்.

1911-ல் ராபர்ட் போர்டன் தலைமையில் கன்சர்வேட்டிவ்கள் ஆட்சியைப் பிடித்ததும் காற்று திசை மாறியது. 1912-ல் பிளாக் ஆணையரானார். ஆணையரின் அதிகாரத்தை எதிர்த்துப் பேசிய மன்றத்திலிருந்து வந்தவருக்கே அந்த நாற்காலி. டாசனில் ஆணையர் மாளிகையின் தோட்டத்தையும் விருந்துகளையும் மார்த்தா கவனித்துக்கொண்டார். காட்டுப் பூக்களைச் சேகரித்துப் படிப்பது அவருடைய தனி ஈடுபாடு. பின்னாளில் கணவர் எடுத்த படங்களோடு யூகான் பூக்களைப் பற்றி நூலும் எழுதினார்.

ஆனால் ஆள்வதற்கு மக்கள் குறைந்துகொண்டே போனார்கள். 1901 கணக்கெடுப்பில் 27,219 பேர், 1911-ல் 8,512. தனி ஆட்கள் கழுவிய ஓடைகளைப் பெரிய நிறுவனங்களின் தூர்வாரி இயந்திரங்கள் வளைத்துக்கொண்டன. பிளாக் சாலைகளில் கவனம் செலுத்தினார். 1912 குளிர்காலத்தில் அவரே டாசனுக்கும் வைட்ஹார்ஸுக்கும் இடையிலான பனிப் பாதையில் மோட்டார் காரில் பயணம் செய்து காட்டினார். பிரதேசத்தின் சொந்த வருவாயில் பெரும்பகுதி மதுவிலிருந்து வந்தது. 1916-ல் மதுவிலக்கு வாக்கெடுப்பு நடந்தபோது மதுவிலக்கு மூன்றே வாக்கில் தோற்றது. கஜானாவுக்கு அந்த மூன்று வாக்கும் பெரிய உபகாரம்.

அதே ஆண்டு பிளாக் பதவியை விட்டுவிட்டுப் படைக்கு ஆள் திரட்டினார். யூகான் காலாட்படைக் கம்பெனி என்ற அந்தக் குழு அக்டோபரில் டாசனைவிட்டுப் புறப்பட்டது. ஆயிரக்கணக்கான சிப்பாய்களோடு அட்லாண்டிக்கைக் கடந்த துருப்புக் கப்பலில் மார்த்தாவும் அனுமதி வாங்கி ஏறிக்கொண்டார். பிளாக்கின் ஆட்கள் இயந்திரத் துப்பாக்கிப் படையாகப் பிரான்சில் போரிட்டார்கள். 1918-ல் பிளாக் காயமுற்றார்.

அவர் போர்க்களத்தில் இருந்தபோதே யூகானில் அவருடைய நாற்காலி காணாமல் போனது. சிக்கனம் என்ற பெயரில் 1918-ல் ஆணையர் பதவியை ஒட்டாவா ஒழித்தது; வேலையைத் தங்க ஆணையர் ஜார்ஜ் மெக்கன்சி சேர்த்துப் பார்த்துக்கொண்டார். தேர்தல் மன்றத்தையே கலைத்துவிட்டு நியமன மன்றம் வைக்கவும் அதிகாரம் எடுத்துக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பவே 1919-ல் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட தேர்தல் மன்றம் மிஞ்சியது. பத்துப் பேர் மன்றத்துக்காக எத்தனை ஆண்டு போராட்டம்! பத்தே ஆண்டில் அது மூன்றாகச் சுருங்கியது. 1918 அக்டோபரில் பிரின்சஸ் சோஃபியா கப்பல் அலாஸ்காக் கரையோரப் பாறையில் மோதி மூழ்கி, குளிர்காலத்துக்காகத் தெற்கே போய்க்கொண்டிருந்த யூகான்வாசிகள் உட்பட சுமார் 350 பேர் இறந்தார்கள். சிறு சமூகத்துக்கு அது தாங்க முடியாத அடி. 1921-ல் மக்கள்தொகை 4,157.

அந்த 1921-ல் பிளாக் யூகானின் ஒரே தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். 1925, 1926, 1930 தேர்தல்களிலும் வென்றார். 1930-ல் பிரதமர் பென்னட்டின் ஆட்சியில் மக்களவைத் தலைவர் ஆனார். சில ஆயிரம் பேர் வாழும் தொகுதியின் உறுப்பினருக்கு நாட்டின் அவைத் தலைமை கிடைத்தது சாதாரணமல்ல. தம் அறை ஜன்னலிலிருந்து நாடாளுமன்ற வளாகத்து முயல்களைத் துப்பாக்கியால் சுட்டார் என்ற கதை ஒட்டாவாவில் இன்றும் உலவுகிறது. 1935 தொடக்கத்தில் உடல்நலம் குலைந்து பதவி விலகினார்.

அந்த ஆண்டுத் தேர்தலில் 69 வயது மார்த்தா களமிறங்கினார். நாடெங்கும் லிபரல் அலை வீசியபோதும் சுயேச்சை கன்சர்வேட்டிவாக நின்று நூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்று, ஆக்னஸ் மக்ஃபெயிலுக்கு அடுத்து மக்களவைக்குத் தேர்வான இரண்டாவது பெண் ஆனார். அவர் உறுப்பினராக இருந்த 1937-ல், யூகானைப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தோடு இணைத்துவிட அந்த மாகாணப் பிரதமர் பட்டுல்லோ முயன்றார். ஒட்டாவாவும் தலையசைத்தது. டாசனில் இருந்த ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்குப் பிரதேசம் கொடுத்துவந்த சிறு மானியத்தை என்ன செய்வது என்ற கேள்வியில் திட்டம் சிக்கிச் சிதறியது. யூகான் தனிப் பிரதேசமாகப் பிழைத்திருப்பதற்கு அந்தப் பள்ளி மானியமும் ஒரு காரணம்.

1940-ல் மார்த்தா ஒதுங்கிக்கொள்ள, குணமடைந்த ஜார்ஜ் மீண்டும் வென்று 1949 வரை உறுப்பினராக இருந்தார். இடையே 1942-ல் போர்க்காலத் தேவைக்காக அலாஸ்கா நெடுஞ்சாலை போடப்பட்டு, வைட்ஹார்ஸ் வளர்ந்தது. 1948-ல் ஆணையர் பதவி மீண்டும் உயிர்பெற்றது. 1953-ல் தலைநகர் டாசனிலிருந்து வைட்ஹார்ஸுக்கு மாறியது. மார்த்தா 1957-லும் ஜார்ஜ் 1965-லும் காலமானார்கள்.

யூகான் வக்கீல்களின் அரசியல் பரம்பரை அதோடு நிற்கவில்லை. 1957 பொதுத்தேர்தலின் யூகான் முடிவை வாக்குப்பதிவு முறைகேடுகளால் நீதிமன்றம் செல்லாததாக்க, டிசம்பர் இடைத்தேர்தலில் வைட்ஹார்ஸ் வழக்கறிஞர் எரிக் நீல்சன் வென்றார். முப்பது ஆண்டு உறுப்பினராக இருந்து, துணைப் பிரதமரும் ஆனார்.

பிளாக் அமர்ந்த நாற்காலியின் அதிகாரம் 1979 அக்டோபரில் போயிற்று. ஒட்டாவா அமைச்சர் ஜேக் எப் எழுதிய ஒரு கடிதம், ஆணையர் இனித் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்றது. ஆணையர் அயோனி கிறிஸ்டென்சன் பதவி விலகினார். ஜிம் பாஸின் தா’ஆன் க்வாச்’ஆன் மக்களுக்கான நில ஒப்பந்தம் 2002-ல், அவருடைய கடிதத்துக்குச் சரியாக நூறாண்டு கழித்து, நடைமுறைக்கு வந்தது. எப் கடிதத்தில் சொன்னதைச் சட்டமாக எழுதிய புதிய யூகான் சட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று அமலானது. அன்றுதான் பிரதேசத்தின் நிலமும் சுரங்கங்களும் ஒட்டாவாவின் நிர்வாகத்திலிருந்து வைட்ஹார்ஸின் நிர்வாகத்துக்கு வந்தன.