சாக் என்னும் மெலிந்த சான்று: ஃபேண்டஸி ஃபுட்பாலில் புதுமுகத் தற்காப்பு வரிசையாளரை மதிப்பிடுவது குறித்து

அமெரிக்கக் கால்பந்தை ஒட்டி நடக்கும் ஃபேண்டஸி லீக்குகளில் பெரும்பாலானவை தற்காப்பை ஒரே பொட்டலமாகத்தான் விற்கின்றன. ஓர் அணியின் தற்காப்பை எடுத்தால் களத்தில் நிற்கும் பதினொருவரும் சேர்ந்து ஈட்டும் புள்ளி மொத்தமாக வந்துவிடும். யார் ஈட்டினார் என்று எவரும் கேட்பதில்லை. தனிவீரர் தற்காப்பு லீக்குகளில்தான் அந்தக் கேள்வி எழுகிறது. அங்கே தற்காப்பாளரையும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும்; அவர் செய்யும் ஒவ்வொரு வீழ்த்தலுக்கும் ஒவ்வொரு சாக்குக்கும் தனித்தனியே புள்ளி உண்டு. பந்தோடு ஓடுபவரைத் தரையில் சாய்த்தால் அது வீழ்த்தல். குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள், ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே அவரைச் சாய்த்துவிட்டால் அது சாக். இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை.

ஒவ்வொரு வசந்தத்திலும் என்.எஃப்.எல். டிராஃப்ட் (அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) முடிந்த கையோடு இந்த லீக்குகளில் புதுமுகங்களுக்கான தேர்வு நடக்கும். ஓட்டக்காரர்களும் பந்து பிடிப்பவர்களும் முதலில் போய்விடுவார்கள். தற்காப்பு வரிசையாளர்கள் பின்சுற்றுகளில் மலிவாகக் கிடைப்பார்கள். மலிவு என்பதாலேயே மதிப்பீடும் அவசரமாக நடக்கிறது: கல்லூரியில் எத்தனை சாக், டிராஃப்டில் எத்தனையாவது இடம், அவ்வளவுதான். ஓராண்டு கழிந்ததும் இந்த இரண்டையும் மறந்துவிட்டு, முதல் பருவத்தின் சாக் எண்ணிக்கையைக் கொண்டு விலை வைக்கிறார்கள். அந்த எண்ணிக்கையே நம்மிடம் உள்ள சான்றுகளில் மிக மெலிந்தது என்பது என் வாதம். முதலாண்டுப் புள்ளியைத் தீர்மானிப்பவை களத்தில் கிடைக்கும் ஸ்னாப்புகளும் (ஸ்னாப் என்பது பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறை), வீரருக்கு லீக் ஒட்டும் நிலைப்பெயரும், லீக்கின் புள்ளி விதியும். இந்த மூன்றில் எதையும் சாக் எண்ணிக்கையிலிருந்து படித்தறிய முடியாது.

2024ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி இந்த வாதத்துக்கு ஓர் ஆய்வுக்கூடம் போல அமைந்தது. அவ்வாண்டு டிராஃப்டில் 19ஆவது இடத்தில் ஜாரெட் வெர்ஸையும் 39ஆவது இடத்தில் பிரேடன் ஃபிஸ்கையும் அந்த அணி எடுத்தது. இருவரும் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரே வரிசையில் ஆடியவர்கள். தொழில்முறை ஆட்டத்திலும் ஒரே அணி, ஒரே பயிற்சியாளர், அதே எதிராளிகள். ஆகவே இரு புதுமுகங்களை ஒப்பிடும்போது வழக்கமாகக் குறுக்கே வரும் சூழல் வேறுபாடுகளில் பல இங்கே தாமாகவே கழிந்துவிடுகின்றன. பருவ முடிவில் ஃபிஸ்க் 8.5 சாக்குகளுடன் புதுமுகங்கள் அனைவருக்கும் முன்னால் நின்றார், வீழ்த்தல் 44. வெர்ஸ் 4.5 சாக், 66 வீழ்த்தல். ஆண்டின் சிறந்த புதுமுகத் தற்காப்பாளர் விருது வெர்ஸுக்குப் போனது. வாக்களித்த செய்தியாளர்கள் சாக்கை மட்டும் எண்ணியிருந்தால் அது நடந்திருக்காது.

விருது கிடக்கட்டும், ஃபேண்டஸிக்காரருக்கு யார் மேல்? ஒரு வீழ்த்தலுக்கு 1 புள்ளி, ஒரு சாக்குக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். வெர்ஸுக்கு 84, ஃபிஸ்குக்கு 78. சாக்குக்கு 2 புள்ளி மட்டும் தரும் லீக்கில் 75க்கு 61 என்று இடைவெளி அகன்றுவிடும். 6 தரும் லீக்கில் 93க்கு 95 என்று ஃபிஸ்க் முந்துவார். இருவரும் சமமாகும் புள்ளி 5.5. அதாவது ஒரு சாக் ஐந்தரை வீழ்த்தலுக்கு ஈடாகும்வரை, சாக்கில் ஏறத்தாழப் பாதியே எடுத்தவர்தான் மேலானவர். கணக்கு எளிதுதான். ஆனால் தன் லீக்கின் விதியை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்த்த பிறகு தேர்வுக்கு உட்காருபவர்கள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. பொதுவான தரவரிசைப் பட்டியல் எதுவும் உங்கள் லீக்கின் அந்த ஐந்தரையை அறியாது.

துணைநின்று சாய்த்த வீழ்த்தலுக்குப் பாதிப் புள்ளி தரும் லீக்குகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. எது தனி வீழ்த்தல், எது துணை வீழ்த்தல் என்பதை அந்தந்த மைதானத்தில் உட்காரும் புள்ளிவிவரக் குழுதான் முடிவு செய்கிறது. சில மைதானங்களில் கை தாராளம். வீழ்த்தலும் கலப்படமில்லாத எண் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனாலும் ஒரு பருவத்தில் ஐம்பது அறுபது என்று குவியும் ஒன்று, நான்கு முதல் பத்து வரை வரும் ஒன்றைவிட உறுதியான தரைதான்.

சாக் எவ்வளவு திட்டுத்திட்டாக விழும் என்பதற்கு மேக்ஸ் கிராஸ்பியின் முதல் பருவம் போதும். கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அவரை 2019இல் நான்காம் சுற்றில், 106ஆவது ஆளாக, அன்று ஓக்லண்டில் இருந்த ரெய்டர்ஸ் எடுத்தது. 16 ஆட்டங்களில் 10 சாக். அவற்றில் நான்கு, நவம்பரில் சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் விழுந்தவை. அதுவரை ஓர் ஆட்டமும் வெல்லாத அணி அது. குவாட்டர்பேக்காக நின்றவரும் ரயன் ஃபின்லி என்ற புதுமுகம். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தால் மீதி 15 ஆட்டங்களுக்கு 6 சாக். எய்டன் ஹட்சின்சன் தன் முதல் பருவமான 2022இல் எடுத்த 9.5இல் மூன்று, வாஷிங்டனுக்கு எதிரான ஓர் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே வந்துவிட்டன. இருவரும் பின்னாளில் முன்னணி வீரர்கள் ஆனார்கள் என்பது உண்மை. ஆனால் அதை அவர்களது பத்தும் ஒன்பதரையும் முன்னறிவித்தன என்று சொல்ல முடியாது. அதே போன்ற எண்ணோடு தொடங்கி மங்கியவர்களும் உண்டு.

இதற்குக் காரணம் சாக்கின் இயல்பிலேயே இருக்கிறது. குவாட்டர்பேக் எவ்வளவு நேரம் பந்தைக் கையில் வைத்திருக்கிறார், எதிர் வரிசையில் யார் நிற்கிறார், பின்னால் உள்ள தற்காப்பாளர்கள் பந்து பிடிப்பவர்களை எத்தனை விநாடி மறித்துவைத்தார்கள் என்பனவெல்லாம் ஒன்றுகூடினால்தான் சாக் விழும். வீரர் தன் வேலையை முழுதாகச் செய்து குவாட்டர்பேக்கை அவசரமாக எறியவைத்தாலும் ஏட்டில் ஏறுவது பூஜ்யம். அந்த வேலைக்கு நெருக்குதல் என்று பெயர். புரோ ஃபுட்பால் ஃபோக்கஸ் போன்ற நிறுவனங்கள் ஒளிப்பதிவை ஓட்டிப் பார்த்து அதைக் கணக்கிடுகின்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் சற்றே வேறுபடும். இருந்தாலும் நெருக்குதல் சாக்கைவிடப் பல மடங்கு அடிக்கடி நிகழ்கிறது. ஆகவே தற்செயல் அதில் குறைவாகவே தங்குகிறது. வெர்ஸ் விருது பெற்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டிராஃப்ட் இடம் பற்றி இப்போது. முதல் பத்துக்குள் எடுக்கப்பட்டவர் திறமையில் மேலானவர் என்ற பொருளில் அதைப் படிப்பது வழக்கம். அதை முதன்மையாக ஸ்னாப்புக்கான முன்பதிவுச் சீட்டாகப் படிக்க வேண்டும் என்கிறேன். 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுகத்தின் சம்பளம் அவர் எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்தே அமைகிறது. மேலே எடுத்தவரை உட்காரவைத்தால் பொது மேலாளர் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு தற்காப்பு ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 60 முதல் 65 ஸ்னாப் ஆடுகிறது. வரிசையாளர்கள் மூச்சு வாங்க இடைவிட்டுத்தான் இறங்குவார்கள். அதில் 45 கிடைப்பவருக்கும் 25 கிடைப்பவருக்கும் உள்ள தூரத்தைத் திறமையால் கடப்பது கடினம்.

ரெய்டர்ஸ் 2019இல் கிராஸ்பிக்கு முன்பே, நான்காவது இடத்தில், கிளெம்சனின் கிளெலின் ஃபெரலை எடுத்திருந்தது. அவருக்கு வாய்ப்புக்குக் குறைவில்லை, 4.5 சாக் எடுத்தார். கிளெம்சனின் 2018 வரிசையில் நின்ற நால்வரும் அந்த டிராஃப்டில் எடுக்கப்பட்டார்கள், மூவர் முதல் சுற்றிலேயே. எதிரணி எவர்மீதும் இரண்டு ஆளை நிறுத்த முடியாத அந்த வரிசையில் எடுத்த சாக்குகளை எப்படி எடைபோடுவது என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். ஆக, முன்பதிவுச் சீட்டு இருக்கையைத் தரும். அதற்கு மேல் எதையும் உறுதி செய்யாது.

கல்லூரிச் சாக்குகளோ இரு திசையிலும் ஏமாற்றும். டேனியல் ஹன்டர் லூசியானா ஸ்டேட்டில் கடைசி ஆண்டில் எடுத்தது 1.5 மட்டுமே. 20 வயதில், மூன்றாம் சுற்றில், 88ஆவது ஆளாக மினசோட்டா வைக்கிங்ஸுக்கு வந்தார். முதல் பருவத்தில் 6. அடுத்த பருவத்தில், பிரையன் ராபிசனுக்குப் பின்னால் சுழற்சியில் ஆடியபடியே, 12.5. ஓடாஃபே ஓவே பென் ஸ்டேட்டில் 2020இல் ஏழு ஆட்டம் ஆடி ஒரு சாக்கும் எடுக்கவில்லை. பால்டிமோர் ரேவன்ஸ் அவரை 31ஆவதாக எடுத்தது, முதல் பருவத்தில் 5 எடுத்தார். இவர்கள் இருவரிடமும் இருந்தவை இளமையும் உடலின் வேகமும். அப்படியானால் உடலை அளந்தால் போதுமா? வெர்னன் கோல்ஸ்டன் இருக்கிறாரே. ஒஹாயோ ஸ்டேட்டில் 2007இல் 14 சாக். உடற்சோதனையில் 102 கிலோ எடையை 37 முறை தூக்கினார். 2008இல் ஆறாவதாக நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தது. தொழில்முறை வாழ்வில் அவர் எடுத்த சாக் பூஜ்யம். கல்லூரியில் கையைத் தரையில் ஊன்றி விளிம்பிலிருந்து பாய்ந்தவரை ஜெட்ஸ் எழுந்து நின்று ஆடும் வெளிப்புற லைன்பேக்கராக மாற்றியது. அது முழு விளக்கமாகாது. என் வாதமும் கோல்ஸ்டனை முன்கூட்டியே பிடித்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதில் மட்டுமே அது உதவியிருக்கும்.

வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள்கள் விஷயத்தில் முதலாண்டு இன்னும் பொய் சொல்லும். க்வின்னன் வில்லியம்ஸ் 2019இல் மூன்றாவது இடத்தில் எடுக்கப்பட்டு 2.5 சாக் எடுத்தார், 2022இல் 12. கிறிஸ் ஜோன்ஸ் 2016இல் 2, 2018இல் 15.5. விதிவிலக்குகள் உண்டு: 2010இல் டெட்ராய்ட்டின் என்டமுக்கன் சூ 10 சாக், 66 வீழ்த்தல், 2014இல் ஏரன் டோனல்ட் 9. இந்தப் பெயர்களைக் காட்டி நடுவரிசைப் புதுமுகத்தை முன்சுற்றில் எடுப்பவர்கள், விதிவிலக்குக்கு விதியின் விலையைக் கொடுக்கிறார்கள். 2023இல் மூன்றாம் சுற்றில் 89ஆவதாக வந்த கோபி டர்னர் 9 சாக் எடுத்தபோது, பக்கத்தில் டோனல்ட் இரண்டு ஆட்களைத் தன்மேல் வாங்கிக்கொண்டதுதான் காரணம் என்று பேசப்பட்டது. நியாயமான சந்தேகம். ஆனால் டோனல்ட் ஓய்வுபெற்ற அடுத்த பருவத்திலும் டர்னர் 8 எடுத்தார். பக்கத்தில் நிற்பவரின் நிழலை நாம் மிகைப்படுத்தவும் கூடும்.

எல்லாவற்றையும்விட அபத்தமானது நிலைப்பெயர். வெர்ஸை ராம்ஸ் தன் பட்டியலில் லைன்பேக்கர் என்று, அதாவது வழக்கமாக வரிசைக்குப் பின்னால் நின்று வீழ்த்தல்களைக் குவிப்பவரின் பெயரால், குறிப்பிடுகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளும் லீக்கில் அவர் போட்டியிட வேண்டியது மற்ற வரிசையாளர்களோடு அல்ல. 2024இல் 173 வீழ்த்தல் செய்த ஜயர் ஃபிராங்க்ளினைப் போன்றவர்களோடு. அங்கே வெர்ஸின் 84 புள்ளி செல்லாக்காசு. அதே வேலையை நான்கு பேர் வரிசையில் செய்யும் ஹட்சின்சன் டிஃபென்சிவ் எண்ட், அதாவது விளிம்பு வரிசையாளர், என்பதால் மதிப்புள்ளவர். 2015இல் அசோசியேட்டட் பிரஸ் கலீல் மேக்கை டிஃபென்சிவ் எண்ட், வெளிப்புற லைன்பேக்கர் என இரண்டு இடங்களுக்கும் ஆண்டின் சிறந்த அணியில் தேர்ந்தெடுத்தது. பெயருக்கும் வேலைக்கும் இடையிலான கோடு எவ்வளவு மங்கியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆகவே விளிம்பில் நிற்கும் புதுமுகத்தை எடுப்பதற்கு முன், அவர் போகும் அணியின் அமைப்பையும் நமது தளம் எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். நடுவரிசையாளருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் எந்த அமைப்பிலும் வரிசையாளர்தான்.

இத்தனைக்கும் எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. புள்ளி தருவது சாக்தானே. நெருக்குதலுக்குப் பெரும்பாலான லீக்குகள் ஒன்றும் தருவதில்லையே? ஓராண்டு மட்டும் நடக்கும் லீக்கில் இந்த மறுப்பு செல்லும். ஆனால் அங்கே புதுமுக வரிசையாளரைத் தேடிப் போவதே பொதுவாக வீண். நிலைபெற்ற மூத்தவர்கள் அதே விலைக்குக் கிடைப்பார்கள். வீரர்களை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும் டைனஸ்டி லீக்கில்தான் புதுமுக மதிப்பீட்டுக்கு உண்மையான பொருள் இருக்கிறது. அங்கே நாம் வாங்குவது கடந்த ஆண்டின் சாக்கை அல்ல, வரும் ஆண்டுகளின் சாக்கை.

2022இல் முதலாவது ஆளாக எடுக்கப்பட்ட டிராவன் வாக்கர், ஜார்ஜியாவில் தன் கல்லூரிக் காலம் முழுதும் சேர்த்தே 9.5 சாக்தான் வைத்திருந்தார். ஜாக்சன்வில்லில் முதல் பருவத்தில் 3.5. அடுத்த இரு பருவங்களில் 10, 10.5. முதல் பருவத்திலேயே அவருக்கு 49 வீழ்த்தல் இருந்தது. நாள் முழுக்கக் களத்தில் நிற்பவருக்குத்தான் அந்த எண் வரும். மறுபக்கம், 2020இல் 7.5 சாக்குடன் சிறந்த புதுமுகத் தற்காப்பாளரான சேஸ் யங், அடுத்த பருவத்தில் 9 ஆட்டங்களில் 1.5 எடுத்த நிலையில் முழங்கால் தசைநார் அறுந்து வெளியேறினார். காயத்தை எந்த மதிப்பீடும் முன்னறியாது. ஆனால் காயத்துக்கு முன்னான அந்த 1.5 காயத்தின் கணக்கில் சேராது. 2021 செப்டம்பரில் அவரை விற்க முன்வந்தவருக்கு நல்ல விலை கிடைத்திருக்கும். 2023 கோடையில் வாக்கரை வாங்கப் போனவர் அதில் சிறு பங்கே கொடுத்திருப்பார். லீக்கில் நம்மோடு பேரம் பேசுபவர் இன்னமும் சாக் பத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், புதுமுக வரிசையாளரை டிராஃப்டன்று எடுப்பதைவிட, மூன்று நான்கு சாக்கோடு முதல் பருவத்தை முடித்து, ஸ்னாப்பும் வீழ்த்தலும் குறையாமல் நிற்பவரை மறு கோடையில் கேட்டு வாங்குவதே மலிவு.