வென்ற பட்டாளமும் வீழ்ந்த தளபதியும்

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை நோக்கி நீண்டு நிற்கும் மணற்குன்றை ஒட்டி அமைந்த ஊர் மணப்பாடு. 1542-ஆம் ஆண்டு சவேரியார் கால் வைத்த ஊர். 1581-இல் குன்றின்மீது திருச்சிலுவைக் கோயில் எழுந்த ஊர். முத்துக்குளித்துறை என்று உலகம் புகழ்ந்த கரையின் ஒரு பகுதி அது. மூச்சடக்கி மூழ்கியவன் பரதவன். முத்தை அளந்து எடுத்துச் சென்றவன் அந்நியன். முதலில் போர்த்துக்கீசியன் வந்தான். 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றி டச்சுக்காரன் வந்தான். இறுதியில் ஆங்கிலேயன் வந்தான். எசமானர்கள் மாறினர், மூழ்கியவன் நிலை மாறவில்லை.

அந்தக் கரையில் 1760-ஆம் ஆண்டு ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. இலங்கையிலிருந்து புறப்பட்ட டச்சுப் படை தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் இறங்கியது. உள்நாட்டுக்குள் புகுந்து, பொருநை பாயும் வளமிக்க ஆழ்வார்திருநகரியில் கூடாரமடித்தது. சீமை நடுங்கியது. ஆனால் எதிரே ஒரு படை வருகிறது என்ற செய்தி கேட்டதும், வந்த ஐரோப்பியர் நின்று போரிடவில்லை. கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கே திரும்பிவிட்டனர்.

யார் அந்தப் படையினர்? இந்த மண்ணின் மக்கள். யார் அதன் தலைவன்? இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்து, மருதநாயகம் என்ற பெயருடன் வளர்ந்து, இசுலாத்தைத் தழுவி, யூசுப்கான் என்றும் கான்சாகிபு என்றும் பெயர் பெற்ற தமிழன். ஐரோப்பியன் படை, தமிழன் தலைமையில் வந்த படைக்கு அஞ்சிப் பின்வாங்கிற்று! நெஞ்சு நிமிர்கிறதல்லவா? நிமிரட்டும். நிமிர்ந்த நெஞ்சோடு இன்னொரு கேள்வியையும் கேட்போம். அந்தப் படை எவனுடைய கொடியைத் தாங்கி வந்தது? ஆங்கிலக் கும்பெனியின் கொடியை! இந்த முரண்பாடு எப்படி விளைந்தது என்பதை அறிந்தால், ஒரு நாடு எப்படி அடிமையாயிற்று என்பதை அறிந்தவராவோம்.

1746-ஆம் ஆண்டு அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் படை, ஏறத்தாழப் பத்தாயிரம் பேர், பிரெஞ்சுத் தளபதி பாரடிஸின் சிறு படையை எதிர்த்து நின்றது. பாரடிஸிடம் இருந்தோர் ஆயிரம் பேர் அளவே. பத்தாயிரம் சிதறி ஓடியது; ஆயிரம் வென்றது. விதி என்று சொல்லி ஆறுதல் தேடலாம். வெள்ளையன் பிறவியிலேயே வீரன் என்று சொல்லித் தலைகுனியலாம். இரண்டும் பொய். வென்ற அந்த ஆயிரத்தில் பெரும் பகுதியினர் வெள்ளையரே அல்லர். பிரெஞ்சுக்காரர் பயிற்றுவித்த நம் நாட்டுச் சிப்பாய்களே! தோற்றவனும் நம்மவன், வென்றவனும் நம்மவன் என்றால், வேறுபாடு தோலின் நிறத்தில் இல்லை. வரிசையாக நிற்கும் பயிற்சியிலும், ஓர் ஆணைக்கு நூறு துப்பாக்கிகள் ஒருங்கே வெடிக்கும் ஒழுங்கிலும், விரைந்து சுடும் பீரங்கியிலும் இருந்தது. காரணத்தைத் தேடாதவன் காலமெல்லாம் தோற்பான்.

காரணத்தைத் தேடிக் கண்டவன் ஆங்கிலேயன். 1748-இல் வந்த ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ், காவல் வேலைக்கென்று கும்பெனி வைத்திருந்த சேவகர்களைப் போர்ப்படையாக்கும் பணியைத் தொடங்கினான். போரும் கொள்ளையும் வரிக்கொடுமையும் கழனியைப் பாழாக்கிய காலம் அது. நவாபின் படையாட்களுக்கோ சம்பளம் பல மாதங்கள் பாக்கி நிற்கும். மாதம் பிறந்தால் கையில் கூலி என்ற உறுதி கும்பெனியிடம் இருந்தது. வயிறு அழைத்தது; வாலிபர் சென்றனர். கும்பெனியின் மீது காதல் கொண்டு சென்றவர் எவருமில்லை.

1751-இல் கிளைவ் ஆர்க்காட்டுக்குப் புறப்பட்டபோது உடன் சென்றோர் ஐரோப்பியர் 200, சிப்பாய்கள் 300. ஐம்பது நாள் முற்றுகையை அவர்கள் தாங்கினர். பாடப் புத்தகம் கிளைவின் பெயரைச் சொல்லிற்று. முந்நூறு பேரின் பெயர்கள் எங்கே? அதையடுத்துக் கிளைவின் படையில் சேர்ந்தவன் யூசுப்கான். திருச்சி முற்றுகையின்போது பகைவர் நடுவே வழி கண்டு, பட்டினி கிடந்த படைக்கு உணவுவண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தான். நாட்டின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அறிந்தவன் என்பதால் லாரன்ஸ் அவனை வியந்தான். 1754-இல் கும்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவனைக் கம்மந்தான் ஆக்கினர், பொற்பதக்கமும் அளித்தனர். 1756-இல் கல்கத்தாவை மீட்கச் சென்னையிலிருந்து கப்பலேறியவர்களில் ஐரோப்பியர் சுமார் 900, சிப்பாய்கள் சுமார் 1500. மறு ஆண்டு பிளாசியில் வங்கத்தின் தலைவிதி மாறியபோதும் தென்னாட்டுச் சிப்பாய் அங்கே நின்றான். 1758-இல் சிப்பாய்களை முறையான பட்டாளங்களாக வகுத்தனர். அவ்வாண்டின் இறுதியில் லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையை ஓயாது தாக்கி அலைக்கழித்தவன் யூசுப்கான்.

திறமையில் குறைவில்லை, தீரத்தில் குறைவில்லை. அந்தத் திறமை எவர்மீது ஏவப்பட்டது? 1755-இல் கர்னல் ஹெரான் தென்பாண்டிச் சீமைக்கு வரி தண்டப் புறப்பட்டபோது சிப்பாய்களை நடத்திச் சென்றவன் யூசுப்கான். வரி தர மறுத்த நெற்கட்டுஞ்செவல் புலித்தேவனை இறுதியில் 1761-இல் முறியடித்தவனும் அவனே. பாளையக்காரர்களோ ஓரணியில் நின்றாரில்லை. மேற்குப் பாளையத்தார் ஒருபுறம், கிழக்குப் பாளையத்தார் மறுபுறம். சாதிக்கொரு கொடி, கோட்டைக்கொரு கொள்கை. வேலும் வாளும் ஏந்திய வீரம் இருந்தது. சேர்ந்து நிற்கும் அறிவு இல்லை. பயிற்சி பெற்ற ஒரு பட்டாளம், பிரிந்து கிடந்த பாளையங்களை ஒவ்வொன்றாக வென்றது.

இனி வருவதுதான் இந்த வரலாற்றின் உயிர்நிலை. 1759 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து இலட்சம் குத்தகைக்கு ஏற்று யூசுப்கான் ஆண்டான். ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டான். கள்ளர் பயம் நீக்கினான். மதுரைக் கோயிலுக்குப் பறிபோன மானியங்களை மீட்டுத் தந்தான். டச்சுக்காரன் மணப்பாட்டில் இறங்கியபோது கரையைக் காத்தவன் அவனே. ஆள முடியும் என்று காட்டிவிட்டான். அதுவே அவன் செய்த குற்றமாயிற்று! குத்தகையைத் தொடர ஏழு இலட்சம் தருவதாகச் சொன்னான். கும்பெனி அவனை நவாபு முகமது அலிக்கு அடங்கிக் கிட என்றது. நவாபு கடனாளி, கும்பெனியின் கையைப் பார்த்து நிற்பவன். கைப்பாவை வேண்டியவனுக்கு ஆளத் தெரிந்தவன் எதற்கு?

யூசுப்கான் அடங்கவில்லை. 1763-இல் கும்பெனியும் நவாபும் சேர்ந்து மதுரையை வளைத்தனர். மழைக்காலம் வந்தது, முற்றுகை தளர்ந்தது. மறு ஆண்டு மீண்டும் வளைத்தனர். 1764 சூன் திங்களில் கோட்டையைத் தாக்கி ஏற முயன்று தோற்றனர். மேஜர் பிரஸ்டன் படுகாயமுற்று மாண்டான். மதுரைச் சுவரைத் தாக்க வந்த வரிசையில் யார் நின்றனர்? கும்பெனியின் சிப்பாய்கள், நேற்றுவரை கம்மந்தான் என்று அவனுக்கு வணக்கம் செலுத்திய அதே படையினர்! அவன் வளர்த்த ஒழுங்கே அவன்மீது பாய்ந்தது. அதனாலும் கோட்டை விழவில்லை. உள்ளிருந்த சீனிவாசராவ், பாபா சாகிபு, பிரெஞ்சுக்காரன் மார்ஷான் ஆகியோர் கூடி, அவன் தொழுகையில் இருந்த வேளையில் பிடித்துக் கட்டினர். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் மதுரையில் தூக்கிலிட்டனர். பதக்கம் தொங்கிய கழுத்தில் கயிறு தொங்கியது. உடலைத் துண்டாக்கி ஊர் ஊராக அனுப்பினர் என்பர். இறந்தவனிடம் கூட அவ்வளவு அச்சம்!

அந்த அச்சம் பின்னர் ஆட்சிமுறையாகவே ஆயிற்று. கும்பெனி ஆட்சியில் சிப்பாய் எவ்வளவு உயர்ந்தாலும் சுபேதார்; அவனுக்கு மேலே நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய இளைஞனும் ஆணையிடும் அதிகாரி. அரசர் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் இந்தியனுக்குக் கிடைக்க 1917 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிமீது ஏவப்பட்ட படையிலும் சிப்பாய்களே இருந்தனர். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலேறிய நாள் அக்டோபர் 16. 1806 சூலை 10-இல் வேலூரில் அதே சென்னைச் சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பினான். தலைப்பாகையையும் தாடியையும் பற்றிய ஆணை தீமூட்டியது உண்மை. ஆனால் கேட்காமல் இட்ட ஆணைகளுக்கெல்லாம் அரை நூற்றாண்டாகப் பணிந்த நெஞ்சில் விறகு முன்பே அடுக்கப்பட்டிருந்தது.

யூசுப்கானை மாவீரன் என்று தூக்கி வைப்பதா, துரோகி என்று தூற்றுவதா என்று கேட்போர் உண்டு. புலித்தேவனை முறியடித்த கையும் அவனுடையது. கும்பெனியை எதிர்த்த கையும் அவனுடையது. ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பாடுவது புராணம். இரண்டையும் அருகருகே வைத்து ஆராய்வது வரலாறு. புராணம் பாடிப் பாடிப் போதுமான அளவு கெட்டிருக்கிறோம்.

ஆராய்ந்தால் தெரிவது இது. ஆளும் அறிவும் போரிடும் ஆற்றலும் இந்த மண்ணில் இல்லாமற் போகவில்லை. அவை அந்நியனின் கூலிப்பட்டியலில் எழுதப்பட்டிருந்தன. நம் அரசுகள் பசித்தவனுக்குச் சோறு தரவில்லை. சாதியைக் கடந்து அவனை ஒன்று சேர்க்கவில்லை. கும்பெனி கூலி தந்தது, வரிசையில் நிறுத்தியது, வென்றது. மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. சம்மட்டிபுரத்தில் அவன் கல்லறை இருக்கிறது. அவ்வழி செல்லும் இளைஞர் மாலையிட்டு வணங்கித் திரும்ப வேண்டா. தன் திறமையை எவன் பயன்படுத்துகிறான், ஆணை எவன் வாயிலிருந்து வருகிறது என்று தம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். கம்மந்தான் அந்தக் கேள்வியைக் கேட்டபோது காலம் கடந்துவிட்டது.