நயாகரா பனிக்கட்டி ஏற்றம்
நயாகராவின் குதிரைலாட அருவியை ஒட்டி உறைந்த பனிக்கட்டிச் சுவரில் முதன்முதலாக மனிதர் ஏறிய நிகழ்வு. 2015 ஜனவரி 27 அன்று கனடா நாட்டு மலையேறி வில் கேட், அமெரிக்கக் கரைப் பக்கமாக ஏறி முடித்தார்; அவரைத் தொடர்ந்து சாரா ஹியூனிகென் ஏறினார். உயரம் சுமார் 45 மீட்டர்.

கடுங்குளிரிலும் இவ்வருவி முழுதாக உறைவதில்லை. விழும் நீரின் சாரல் ஓரப் பாறைகளில் படலம் படலமாகப் படிந்து உறைகிறது. படலங்களுக்கிடையே காற்றும் பொடிப்பனியும் சிக்குவதால் கட்டி உறுதியற்றிருக்கும். ஏறுபவர் இரு கைகளிலும் பனிக்கோடரி ஏந்திக் கொத்தி, காலணியில் பூட்டிய உலோக முட்களை ஊன்றி ஏறுவார். உள்துளையுள்ள திருகாணிகளைப் பனிக்கட்டியில் முறுக்கி, அவற்றில் பாதுகாப்புக் கயிற்றைக் கோப்பார்.

வெயில் ஏறினால் கட்டி பாறையிலிருந்து விடுபடக்கூடும். திடீர்க் குளிரில் எளிதில் உடையும். ஏறும் நாளில் பனிக்கட்டியின் நிலையை நேரில் சோதித்தறிவதே இக்கலையின் முதல் விதி.