பதுளையின் குழாயும் தோட்டத்துப் பீலியும்

பதுளையின் தண்ணீர் வரலாற்றை எழுதப் புகுந்தால் முதலில் வாய்க்காலில்தான் கால் வைக்க வேண்டும். குழாய் வெகு பின்னால் வந்தது. 1850களில் இங்கே உதவி அரசாங்க அதிபராயிருந்த ஜோன் பெய்லி, ஊவாவின் நீர்ப்பாசனம் குறித்து 1855இல் ஓர் அறிக்கை எழுதினார். இராஜகாரிய முறை 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்ட பின்னர், ஊர் கூடி வாய்க்கால் துப்புரவு செய்யும் வழக்கம் கேட்பாரற்றுப் போயிற்று. மேல்வயற்காரன் தண்ணீரை மறித்தால் கீழ்வயற்காரனுக்கு நியாயம் சொல்ல ஆளில்லை. பழைய ஊர்வழக்கத்துக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுக்க வேண்டும் என்பதே பெய்லியின் வாதம். அதை ஏற்றுத்தான் தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இலங்கையின் நீர் நிருவாகச் சட்டங்களுக்கு வேர் தேடிப் போகிறவர் பதுளைக் கச்சேரியில் வந்து நிற்பார் என்பதை நம்மூரிலேயே பலர் அறியார்.

அந்தச் சட்டம் வயலுக்கானது. அதே ஆண்டுகளில் அப்புத்தளை, நமுனுகுல மலைகளில் கோப்பித் தோட்டங்கள் ஏறிக்கொண்டிருந்தன. கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை வந்தது. தோட்ட எல்லைக்குள் ஊற்றும் ஓடையும் துரையின் கையில். வயற்காரனுக்கு ஒரு கிராமச் சபை கிடைத்தது. லயத்துக்காரனுக்குக் கிடைத்தது கங்காணி. ஒரே மலையில் பிறக்கும் தண்ணீர் இரண்டு நிருவாகங்களாகப் பிரிந்தது அப்போதுதான் என்பது என் கணிப்பு. இன்றுவரை அந்தப் பிரிவு முழுதாக ஒட்டவில்லை.

நகரப் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கமானது. குடிநீர் வழங்கல் நீண்டகாலம் பொதுவேலைத் திணைக்களத்தின் உபபிரிவாக இருந்தது. 1965இல் உள்ளூராட்சி அமைச்சின் கீழ் ஒரு பிரிவானது. 1970இல் நீர்ப்பாசனம், மின்சக்தி, நெடுஞ்சாலைகள் அமைச்சின் கீழ் தனித் திணைக்களமாயிற்று. 1974ஆம் ஆண்டின் சட்டத்தின்படி 1975 ஜனவரியில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பிறந்தது. கண்டி போன்ற சில மாநகரங்கள் மட்டும் தமது நீரைத் தாமே விநியோகிக்கின்றன. பத்தாண்டுக்குள் இத்தனை அமைச்சு மாறிய துறை, குழாயை எங்கே புதைத்தது என்ற வரைபடத்தையாவது பத்திரமாக வைத்திருந்தால் அது பெரிய காரியம்.

வேலை முறை பார்வைக்கு எளிது. ஓடையை மறித்து நீரெடுப்பார்கள். படிகாரமிட்டுக் கலங்கலைப் படியவைத்து, மணலில் வடித்து, குளோரின் சேர்த்து, மேட்டிலுள்ள தாங்கியில் ஏற்றுவார்கள். மலைநாட்டில் அதற்குப் பிறகு பெரும்பாலும் புவியீர்ப்பே வேலைக்காரன். ஆனால் அதே மலைதான் வில்லங்கமும்: பள்ளத்து வீட்டில் அழுத்தம் தாங்காமல் குழாய் வெடிக்கும், மேட்டுவீட்டில் காற்றுத்தான் வரும். எங்கள் வீடு மேட்டில். "தண்ணி வார நேரம் பாத்து புடிச்சி வெச்சிக்கோ மவன்" என்று உம்மா சொல்லாத நாளில்லை. கட்டணம் அலகு ஏற ஏற ஏறும் படிமுறை. சமுர்த்தி பெறுவோருக்கும் வணக்கத்தலங்களுக்கும் தனி விகிதங்கள் உண்டு. பள்ளிவாசல் ஹவ்ளை நிரப்புகிறவருக்கு இந்த விகித வேறுபாடு மாதக்கணக்கில் நன்றாகவே தெரியும்.

தோட்டத்துக்கு வருவோம். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின்மேல் வைத்தது. 1916இல் ரொக்பெல்லர் நிதியத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்து கொடுத்தால் போதாது, மலசலகூடம் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். மருந்து ஒருநாள் செலவு, கூடம் கட்டுவது மூலதனச் செலவு. கணக்குப் பார்க்கும் கம்பனிக்கு எது கசக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீருக்கும் இதே கதிதான். லயத்து வரிசைக்கு ஒரு பீலி. ஊற்றிலிருந்து ஒரு குழாயோ மூங்கிலோ இழுத்துவிட்டால் கடமை முடிந்தது. அந்த ஊற்றுக்கு மேலே தேயிலைக்கு உரம் போடுகிறார்களா, மருந்தடிக்கிறார்களா என்று கேட்க எந்தத் திணைக்களமும் வரவில்லை.

எங்கள் வாப்பா பசறை வீதியில் கடை வைத்திருந்தவர். தோட்டத்துப் பெண்கள் சம்பள நாளில் சாமான் வாங்க வரும்போது கேட்கிற முதல் பொருள்களில் பிளாஸ்டிக் வாளியும் ஒன்று. "மொதலாளி, ஓட்ட விழாத வாளியா பாத்து குடுங்க, பீலி ரொம்ப தூரம்" என்பார்கள். விடியப் பிரட்டுக்குப் போகுமுன் பீலியடியில் வரிசை நிற்க வேண்டும். பின்தங்கினால் அரைநாள் பேர் போய்விடும். தண்ணீரின் உண்மையான விலை அந்த அரைநாள் பேர்தான். எந்தச் சபையின் கட்டணப் பட்டியலிலும் அது இல்லை.

அரசிடம் கேட்கலாமே என்றால், கேட்க வாக்கு வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத்தாரில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை மாறினார், பீலி மாறவில்லை. 1992இல் முகாமை மீண்டும் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயிற்று. இதற்கிடையில் வந்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிக்குள் சபை நிதியைச் செலவிடவே தடையாக நின்றது. வாக்குக் கிடைத்துத் தேர்தலில் போட்டியிட்டு, தோட்டத்துப் பிள்ளையே உறுப்பினராகிச் சபையில் அமர்ந்தாலும், தன் லயத்துக்கு ஒரு குழாய் போட்டுக்கொடுக்க அவரால் முடியாது! இந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தோராண்டு. மலையகத்தின் தண்ணீர்க் கதையில் ஒரே ஒரு காகிதத்தைக் காட்டு என்றால் இந்த 33ஆம் பிரிவைத்தான் நான் காட்டுவேன்.

கிராமங்களில் வேறொரு வழி திறந்தது. உலக வங்கிக் கடனில் 1993 முதல் 1998 வரை நடந்த சமூக நீர் வழங்கல் திட்டத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட மூன்று மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மற்றவை இரத்தினபுரி, மாத்தறை. ஊரார் சங்கம் அமைத்து, உழைப்பைப் போட்டு, குழாயைத் தாமே பராமரித்து, கட்டணத்தையும் தாமே அறவிட வேண்டும். பெய்லியின் கிராமச் சபை ஏறக்குறைய நூற்றுநாற்பது ஆண்டு கழித்து வேறு பெயரில் திரும்பி வந்ததுபோல் எனக்குப் படுகிறது. இத்தகைய சங்கங்களைக் கவனிக்க 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் என்று தனியாக ஒன்று உருவானது. ஆனால் காணியே தன்னுடையதல்லாத லயத்தில் தாங்கி கட்ட யார் கையெழுத்துப் போடுவது? கம்பனி அனுமதிக்க வேண்டும். மறுபடியும் துரை பங்களா வாசல்.

பிறகு உமா ஓயா வந்தது. வெலிமடைப் பக்கம் புகுல்பொல, டயரபா ஆகிய இடங்களில் அணைகட்டி, மலையைக் குடைந்து, நீரைத் தெற்கே கிரிந்தி ஓயாப் படுகைக்குத் திருப்பும் திட்டம். ஈரானியக் கம்பனியுடன் 2008இல் தொடங்கியது, மின்னுற்பத்தி 120 மெகாவாற். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் பெருவெள்ளமாய் நீர் கசியத் தொடங்கியது. மலைக்குள் பாறை வெடிப்புகளில் தங்கியிருந்த நீர் அது. பண்டாரவளைச் சுற்றில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளையில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மூன்று தரப்பாரும் நின்றார்கள். வற்றிய கிணற்றுக்கு மொழியேது. பவுசர் வண்டி வரும் நாளுக்காகக் காத்திருக்கும் பழக்கம் லயத்துக்காரருக்குப் புதிதல்ல, நகரத்தாருக்குத்தான் புதிது.

திட்டத்தை 2024 ஏப்ரல் 24இல் ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து திறந்துவைத்தார். பதுளை, ஹாலிஎல, எல்ல நகரங்களுக்கான ஒருங்கிணைந்த நீர்த்திட்டம் வேறு தனியாக நடந்தது.

இந்த வரலாற்றை எழுத அரசாங்க அறிக்கைகள் மட்டும் போதவில்லை. பள்ளிவாசல் ஒன்றின் பழைய கணக்குக் கொப்பியில் ஹவ்ளு கழுவிய கூலி, வரட்சி மாதத்தில் தண்ணீர் வண்டிக்குக் கொடுத்தது, குழாய் திருத்தியது என்று மாதவாரியாக எழுதியிருந்ததைக் கண்டேன். எந்த ஆண்டில் ஊர் வரண்டது என்பதை அதிலிருந்தே கணித்துவிடலாம். தோட்டக் கடைகளின் பற்றுக் கொப்பிகளும் அப்படித்தான். ஊவாவின் பள்ளிவாசல் நிருவாகிகளும் கடைக்காரக் குடும்பத்தாரும் கறையான் அரிக்குமுன் அவற்றைப் பிரதி எடுக்க இடந்தந்தால், அடுத்த இதழுக்கு இதன் தொடர்ச்சியை எழுத எண்ணியிருக்கிறேன்.